பழங்குடி மக்களிடையே மது மீட்புப் பணி: ஆலோசகர் பயிற்சியில் மேற்கு வங்காளம் தரும் பாடம்

2018 நவம்பர் மாதத்தில் மேற்கு வங்காளத்தின் ஜார்கிராம் மாவட்டத்தில், லால்கர் அருகிலுள்ள பூர்ணாபானி சிற்றூர்ப் பகுதியில், சபர் பழங்குடியைச் சேர்ந்த ஏழு பேர் குறுகிய கால இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்துவிட்டதாகச் செய்தி வெளியாயிற்று. பட்டினியே காரணம் என்றனர் ஒரு சாரார். காசநோய், கல்லீரல் நோய், மிதமிஞ்சிய குடி, முதுமை ஆகியவையே காரணங்கள் என்று அரசுத் தரப்பு கூறியது. இறப்புக்குக் காரணம் பசியா, குடியா என்ற வாதம் சில காலம் நடந்து பின்னர் ஓய்ந்துவிட்டது.

ஆனால் நிர்வாகத்தில் இருப்போரும் சமூகப் பணி பயிலும் மாணவர்களும் கேட்க வேண்டிய வினா வேறு. பசியும், காசநோயும், குடியும் ஒரே உடலில் சேர்ந்து குடியிருக்கக் கூடியவை. குடிப்பவன் உணவைக் குறைக்கிறான். உணவு குறைந்த உடலில் காசநோய் எளிதில் பற்றுகிறது. குடிப்பழக்கம் காசநோய் மருந்தை இடையில் நிறுத்தச் செய்கிறது. இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிய துன்பத்தை, மரணம் நேருமுன்பே, அக்குடிசைக்குள் சென்று காணக்கூடியவர் யார்? அவருக்கு என்ன பயிற்சி வேண்டும்? அதனை யார், எங்கே, எம்மொழியில் அளிப்பது? கொல்கத்தாவிலிருந்து ரயிலில் சில மணி நேரத் தொலைவிலேயே ஜார்கிராம் உள்ளது. எனினும் மாநகரில் நெடுங்காலமாக வளர்ந்துள்ள பயிற்சி வசதிகளுக்கும் அக்குடிசைக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்க இயலாது.

பிரச்சினையின் அளவு

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மேற்கு வங்காளத்தில் அட்டவணைப் பழங்குடியினர் 52.97 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் இது 5.8 சதவீதம். இவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் சந்தால்கள். ஒராவோன், முண்டா, பூமிஜ், கோரா முதலிய பிரிவினர் அடுத்து வருகின்றனர். புருலியா, பாங்குரா, ஜார்கிராம், மேற்கு மேதினிப்பூர், பீர்பூம் மாவட்டங்களிலும், வடக்கே ஜல்பாய்குரி, அலிப்பூர்துவார் தேயிலைத் தோட்டங்களிலும் இவர்கள் செறிந்து வாழ்கின்றனர். லோதா, பிர்ஹோர், டோட்டோ ஆகிய மூன்றும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. லோதாக்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்டவர்கள். 1952-ல் அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னரும் அந்த வடு முற்றிலும் மறையவில்லை.

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். இவர்களுள் மதுவினால் ஏற்பட்ட தொல்லைகளுக்கு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையாகிவிட்ட 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர் 180 பேரில் ஒருவரே. தேவைக்கும் வசதிக்கும் இடையேயுள்ள இந்தப் பெரும் இடைவெளி நாடு முழுமைக்கும் உரியது. பழங்குடி ஆண்களிடையே மது அருந்துவோர் விகிதம் தேசிய சராசரியைவிட மிகுந்திருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன. 2013-ல் அமைக்கப்பட்ட பழங்குடியினர் உடல்நல நிபுணர் குழு, டாக்டர் அபய் பங் தலைமையில் பணியாற்றி 2018-ல் அறிக்கை அளித்தது. பழங்குடியினரின் பத்து முக்கிய உடல்நலப் பிரச்சினைகளுள் போதைப் பழக்கத்தையும் மனநலத்தையும் அக்குழு ஒன்றாகச் சேர்த்தது குறிப்பிடத்தக்கது.

பானையும் புட்டியும்

பழங்குடி மக்களிடையே பணியாற்றச் செல்லும் ஆலோசகர் முதலில் கற்க வேண்டியது மருத்துவம் அன்று. பானைக்கும் புட்டிக்கும் உள்ள வேறுபாட்டையே அவர் முதலில் கற்க வேண்டும்.

சந்தால் இல்லங்களில் காய்ச்சப்படும் அரிசிக் கள் 'ஹாண்டியா' எனப்படுகிறது. வேகவைத்து ஆறவைத்த சோற்றுடன், மூலிகை வேர்களும் அரிசி மாவும் சேர்த்து உருட்டிய 'ராணு' என்ற நொதி உருண்டையைக் கலந்து, மண்பானையில் சில நாட்கள் புளிக்க வைத்து, நீர் ஊற்றி வடிப்பார்கள். இதனைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். சந்தால்களின் படைப்புக் கதையில், முதல் மனிதர்களான பில்ச்சு ஹாடாமுக்கும் பில்ச்சு புடிக்கும் அரிசிக் கள் வடிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்களின் பெருந்தெய்வமாகிய மராங் புரு. 'ஜாஹேர்' எனப்படும் புனிதச் சோலையின் வழிபாட்டிலும், சோஹ்ராய் திருவிழாவிலும், பெயர் சூட்டல், திருமணம், ஈமச் சடங்கு ஆகியவற்றிலும் ஹாண்டியா தெய்வங்களுக்கும் முன்னோர்களுக்கும் படைக்கப்படுகிறது. எனவே இதனை வெறும் போதைப் பொருளாக மட்டும் காண்பவர் அச்சமூகத்தைப் பாதியளவே கண்டவர் ஆவார்.

புட்டியின் வரலாறு வேறு. இலுப்பைப் பூவிலிருந்தும் பிற பொருள்களிலிருந்தும் காய்ச்சி வடித்த சாராயம் ஹாண்டியாவைவிடப் பன்மடங்கு வீரியமுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயம் வருவாய்ப் பொருளாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு பகுதியில் சாராயம் காய்ச்சி விற்கும் உரிமையை ஏலத்தில் விடும் முறை வங்காளத்தில் பரவியது. உரிமை பெற்றவர் எவ்வளவு மிகுதியாக விற்றாரோ அவ்வளவு இலாபம். அம்முறையினால் குடி பெருகியதா என்பதை ஆராய 1883-ல் ஒரு குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. பின்னர் 1909-ல் வங்காள ஆயத்தீர்வைச் சட்டம் வந்தது. விழாவிலும் சடங்கிலும் ஊர் கூடிப் பருகிய பானத்தின் இடத்தில், நாள்தோறும் காசு கொடுத்துத் தனியே வாங்கும் பொருள் புகுந்தது. நிலம் கைமாறியதும், கூலி வேலையும், கடனும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின.

இன்று இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு மங்கி வருகிறது. வாரச் சந்தைகளில் ஹாண்டியா விற்பது பல ஏழைப் பெண்களுக்குக் கைச்செலவுக்கு உதவும் வருவாய். கள்ளச் சாராயத்தின் கொடுமையோ வேறு வகையானது. 2011 டிசம்பரில் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் சங்க்ராம்பூர் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் 170-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. ஆகவே சடங்குப் பானம், சந்தை விற்பனை, உரிமம் பெற்ற கடை, கள்ளச் சாராயம் என்ற நான்கையும் பிரித்தறியாமல் 'குடிக்காதீர்' என்று பொதுவாகச் சொல்லும் ஆலோசகரின் சொல் ஊருக்குள் ஏறாது.

சட்டமும் அதன் எல்லையும்

அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு போதைப் பானங்களைத் தடை செய்ய முயலுமாறு அரசுக்குக் கூறுகிறது. 46-ஆம் பிரிவு பழங்குடியினரைச் சுரண்டலிலிருந்து காக்கப் பணிக்கிறது. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பழங்குடியினர் துணைத் திட்டம் உருவானபோது, பழங்குடிப் பகுதிகளில் வணிக முறையிலான மது விற்பனையை நிறுத்துமாறும், சொந்தத் தேவைக்கு மரபுவழிப் பானம் தயாரித்துக்கொள்ள இடமளிக்குமாறும் மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டியது. பானையையும் புட்டியையும் பிரித்துப் பார்த்த கொள்கை அது. ஆயினும் ஆயத்தீர்வை வருவாயை விட்டுக்கொடுப்பது எந்த மாநிலத்துக்கும் எளிதாக இருந்ததில்லை.

1996-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துகள் (பட்டியல் பகுதிகளுக்கு விரிவாக்கம்) சட்டம், போதைப் பொருள்களின் விற்பனையையும் நுகர்வையும் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கும் உரிய பஞ்சாயத்துக்கும் அதிகாரம் அளித்தது. ஆனால் இச்சட்டம் ஐந்தாவது அட்டவணையில் அடங்கிய பகுதிகளுக்கே பொருந்தும். மேற்கு வங்காளத்தில் அத்தகைய பகுதி எதுவும் இல்லை. அண்டை மாநிலமான ஜார்கண்டின் பட்டியல் பகுதியில் வாழும் சந்தால் கிராமத்துக்கு உள்ள இந்த அதிகாரம், எல்லைக்கு இப்புறம் உள்ள அதே இனத்தவரின் கிராமத்துக்கு இல்லை. எனவே இங்கு மாற்றம் பெரிதும் மக்களின் மனம் இசைந்தே வர வேண்டியுள்ளது. ஆலோசகரின் பணி இம்மாநிலத்தில் கூடுதல் முக்கியத்துவம் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மக்கள் மனம் இசைந்தால் மாற்றம் வரும் என்பதற்கு வரலாற்றுச் சான்றுகள் உண்டு. 1890-களில் பிர்சா முண்டா தம்மைப் பின்பற்றியோரை மதுவை விடச் சொன்னார். 1914-ல் ஜத்ரா ஒராவோன் தொடங்கிய தானா பகத் இயக்கத்தினர் மதுவையும் புலாலையும் துறந்தனர். இவ்வியக்கங்களை வெளியார் எவரும் கொண்டுவந்து புகுத்தவில்லை. அவை அம்மக்களின் மொழியில், அம்மக்களின் தலைவர்களால், மானமுள்ள வாழ்வுக்கான அறைகூவலாக எழுந்தவை.

கொல்கத்தாவின் பயிற்சி மரபு

ஆலோசகர் பயிற்சிக்கு வேண்டிய அடிப்படைகள் கொல்கத்தாவில் இல்லாமலில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-ஆம் ஆண்டிலேயே உளவியல் துறை தோன்றியது. 1933-ல் கிரீந்திரசேகர் போஸ், இன்று ஆர்.ஜி. கர் எனப்படும் மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவமனையைச் சார்ந்த மனநல வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே இத்தகைய முதற் பிரிவு அதுதான். பழங்குடி வாழ்வை ஆராயும் பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தை மாநில அரசு 1955-ல் நிறுவியது. 1971-ல் தோன்றிய 'கல்கத்தா சமாரிடன்ஸ்' என்னும் தொண்டு நிறுவனம், மனத்துயருற்றோருக்குச் செவிசாய்க்கும் பணியில் தொடங்கிப் போதை மீட்புப் பணிக்கு விரிந்தது. மத்திய அரசின் உதவியுடன் கிழக்கு மண்டலப் பயிற்சி மையமாகவும் செயல்பட்டது.

மத்திய அரசின் அமைப்பும் படிப்படியாக வளர்ந்தது. 1985-ல் போதைப் பொருள்கள் தடுப்புச் சட்டம் வந்தது. அதையொட்டித் தொண்டு நிறுவனங்களின் மீட்பு மையங்களுக்கு மானியம் வழங்கும் திட்டம் தொடங்கியது. பயிற்சிக்கென 1998-ல் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஒரு தேசிய மையம் அமைந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் போதையில்லா பாரத இயக்கம் தொடங்கப்பட்டது.

இவற்றைவிடப் பயிற்சி முறைக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. 1932-ல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் தன் மாணவர்களை நகர வகுப்பறையோடு நிறுத்திவிடவில்லை. 1939-ல் ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் ஒரு கிராமச் சுகாதாரப் பிரிவை அமைத்து, மக்களிடையே சென்று கற்கும் வழியை வகுத்தது. போதை மீட்பு ஆலோசகர் பயிற்சிக்கும் ஒரு 'சிங்கூர்' தேவை. அது பாங்குராவிலோ, புருலியாவிலோ, ஜார்கிராமிலோ அமைய வேண்டும்.

நகரப் பயிற்சி மட்டும் ஏன் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். குடிக்கு அடிமையான சந்தால் இளைஞர் ஒருவர் நகர மையத்தில் ஒரு மாதம் தங்குகிறார் எனக் கொள்க. ஆலோசகர் வங்க மொழியில் பேசுகிறார். இளைஞரோ தம் அச்சங்களைச் சந்தாலியில்தான் சொல்ல அறிவார். 'இனி ஒரு துளியும் தொடுவதில்லை' என்று உறுதி கூறித் திரும்புகிறார். அடுத்த மாதம் ஊரில் திருமணம். படையலின் பங்கை மறுத்தால் உறவினரை அவமதித்ததாகும். ஏற்றால் உறுதி முறியும். இந்நிலையில் என்ன செய்வது என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஊர்த் தலைவரான 'மாஞ்ஜி'யிடமும் எவரும் பேசவில்லை. அவர் மீண்டும் குடித்தால் அதனை அவருடைய மனவலிமைக் குறை என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. உண்மையில் அது பயிற்சித் திட்டத்தின் குறையே.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

முதலாவது, உடல்நல அறிவு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே நடுக்கம், காய்ச்சல், இல்லாதவற்றைக் காணும் மனக் குழப்பம் தோன்றலாம். இது உயிருக்கே ஆபத்தானது. நல்லெண்ணத்தோடு 'இன்றே நிறுத்து' என்று வற்புறுத்தும் ஆலோசகர் இதனை அறியாவிடில் தீங்கு விளைவிப்பார். யாரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், யாருக்கு ஊரிலேயே உதவலாம் என்று பிரித்தறிவதே முதற் பாடம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட சோதனை வினாப்பட்டியல் இதற்கு உதவும். ஆனால் அதில் 'எத்தனை கோப்பை' என்று வரும் கேள்வியை, ஹாண்டியா பருகப்படும் இலைத்தொன்னை, கிண்ணம் ஆகியவற்றின் அளவுக்கு மாற்றியமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, உரையாடும் கலை. 1983-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் வகுத்த ஊக்க உரையாடல் முறை, குடிப்பவரைக் கண்டிப்பதை விடுத்து, மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவழைக்கிறது. அதிகாரிகளின் அதட்டலையே பெரிதும் கேட்டுப் பழகிய சமூகங்களில், குறிப்பாகக் குற்றப் பரம்பரை என்ற வசையைச் சுமந்த லோதா, சபர் மக்களிடையே, இம்முறை மிகவும் பொருத்தமானது.

மூன்றாவது, மொழி. 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது திருத்தத்தின் மூலம் சந்தாலி எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. அதற்கெனப் பண்டிதர் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்து உள்ளது. பயிற்சி ஏடுகள் சந்தாலியில் அமைவது இன்றியமையாதது. ஆயினும் மாநிலப் பழங்குடியினரின் எழுத்தறிவு 2011-ல் 57.9 சதவீதமே. எனவே படங்களும், பாட்டும், நேர்ப் பேச்சும் அச்சிட்ட ஏட்டைவிடப் பெரும் பயன் தரும்.

நான்காவது, ஊர் அமைப்பு. மாஞ்ஜி, அவருக்குத் துணையான பாராணிக், இளைஞரின் நடத்தையைக் கவனிக்கும் ஜோக்-மாஞ்ஜி, பூசாரியான நாயக்கே ஆகியோரின் பொறுப்புகளை ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும். குடியை விட்டவர் படையலை உதட்டளவில் தொட்டால் போதும் என்றோ, நீரை ஏற்கலாம் என்றோ முடிவு செய்யும் தகுதி ஆலோசகருக்கு இல்லை; அவ்வூர்ப் பெரியோருக்கே உண்டு. அம்முடிவை அவர்கள் எடுக்குமாறு உரையாடலைத் தொடங்கி வைப்பதே ஆலோசகரின் திறமை.

ஐந்தாவது, வாழ்க்கைத் தேவை. பங்கீட்டு அட்டை, வேலை உறுதித் திட்டக் கூலி, காசநோய் மருந்து, கடன், குழந்தைகளின் பள்ளி ஆகியவற்றைக் கேட்காமல் குடியை மட்டும் கேட்பவர் பூர்ணாபானியின் பாடத்தைக் கற்காதவர். ஹாண்டியா விற்கும் பெண்ணுக்கு மாற்று வருவாய் காட்டாமல் விற்பனையை நிறுத்தச் சொல்வதும் அத்தகையதே. மகளிர் சுயஉதவிக் குழுக்களுடன் இணைந்து பணியாற்றுவது பயிற்சியின் ஓர் அங்கமாதல் வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

இம்முறைகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என ஒதுக்கிவிட இயலாது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குடியில் 1989 முதல் கிராம முகாம் முறையைக் கையாண்டது. நோயாளி சென்னைக்கு வரவில்லை. சிகிச்சை ஊருக்குச் சென்றது. ஊராரே இடமும் உதவியும் அளித்தனர், குடும்பத்தாரும் கலந்துகொண்டனர், முகாமுக்குப் பின்னும் தொடர்கவனிப்பு நடைபெற்றது.

கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவில் குடித்துவந்த 377 ஆண்களிடையே நடைபெற்ற ஆய்வு 2017-ல் வெளியாயிற்று. மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதுமற்ற உள்ளூர்வாசிகள் பயிற்சி பெற்று, நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை அளித்தனர். மூன்று மாதங்களுக்குப் பின், அவ்வாலோசனை பெற்றோரில் 36 சதவீதத்தினர் தீங்கு நிலையிலிருந்து மீண்டனர். பெறாதோரில் இது 26 சதவீதம். பட்டதாரி உளவியலாளர் கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இது தக்க சான்று. ஆயினும் மீளாதோரே இரு பிரிவிலும் மிகுதி என்பதையும் மறத்தலாகாது. ஆலோசனை ஒரு கருவியே.

கனடாவின் ஆல்பெர்ட்டா மாநிலத்தில் 1974-ல் தோன்றிய நெச்சி நிறுவனம், அந்நாட்டுப் பூர்வகுடியினரையே போதை மீட்பு ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. பூர்வகுடி மரபும் சடங்கும் அங்குப் பாடத்திட்டத்தின் பகுதிகளாயின. பயிற்சி பெறுபவர் தம் சமூகத்தின் காயத்தையும் தம் காயத்தையும் முதலில் உணர வேண்டும் என்பது அதன் அணுகுமுறை.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. நகரத்தில் பயின்ற ஆலோசகருக்குச் சந்தாலி வாழ்வைக் கற்பிப்பதைவிட, சந்தாலி வாழ்வில் பிறந்தவருக்கு ஆலோசனைக் கலையைக் கற்பிப்பது எளிது, பயனும் மிகுதி. குடியிலிருந்து மீண்டு சில ஆண்டுகள் உறுதியாக இருப்போர், சுகாதாரப் பணியாளரான 'ஆஷா' மகளிர், சுயஉதவிக் குழுத் தலைவியர், பள்ளி இறுதி வரை படித்த இளைஞர் ஆகியோரிலிருந்து ஆணும் பெண்ணுமாக இணைகளைத் தேர்ந்தெடுக்கலாம். குடிகாரரின் மனைவி ஓர் ஆணிடம் சொல்லத் தயங்குவதைப் பெண்ணிடம் சொல்வாள்.

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. உள்ளூரார் என்ற காரணத்தால் குறைந்த ஊதியமும், தற்காலிக நியமனமும், சான்றிதழற்ற நிலையும் அவர்களுக்கு விதிக்கப்படுமானால், திறமையுள்ளோர் ஓராண்டில் விலகிவிடுவர். ஊரில் அனைவரும் உறவினராதலால் இரகசியம் காப்பதும் கடினம். அதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டும். மாதம் ஒருமுறையேனும் அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் ஊருக்கே சென்று, அவர்கள் சந்தித்த சிக்கல்களைக் கேட்டறிந்து வழிகாட்டுதல் இன்றியமையாதது. கொல்கத்தாவின் மருத்துவர்களும் உளவியலாளர்களும் ஆற்றக்கூடிய தலையாய பணி இதுவே.

இப்பணியின் வெற்றியை எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்ற கணக்கைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. அது போதாது. பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எத்தனை ஆலோசகர்கள் அதே பணியில் உள்ளனர், குடியை விட்டோருள் எத்தனை பேரை ஓராண்டுக்குப் பின்னும் சென்று பார்த்தனர், எத்தனை காசநோயாளிகள் மருந்தை முழுமையாக உட்கொண்டனர் என்பவற்றைக் கேட்கும் படிவங்களே உண்மையைக் கூறும். வட்டார வளர்ச்சி அலுவலர் தம் மாதக் கூட்டத்தில் இக்கேள்விகளைக் கேட்கத் தொடங்கினால், அதற்கெனத் தனிச் செலவு எதுவும் ஆகாது. பூர்ணாபானி போன்ற ஓர் ஊரில் அடுத்த மரணம் நேருமுன், அக்குடிசையின் வாசலில் அவர்தம் மொழி அறிந்த ஒருவர் சென்று அமர்ந்திருக்க வேண்டும்.